எதிர் வீட்டு ஒழுக்கம்

வாரியம் மனிதர்களைச் சந்தேகப்படுவதில்லை. அது மிகவும் மரியாதையான வாரியம். அது சந்தேகப்படுவதெல்லாம் வீடுகளை மட்டும்தான். ஒரே கொத்தனார் கட்டி, ஒரே வண்ணம் அடித்து, எதிரெதிரே நிறுத்திய இரண்டு வீடுகளில் ஒன்று மின்சாரத்தைக் கிள்ளி எடுத்துக்கொள்ள, இன்னொன்று மட்டும் ஏன் அள்ளி அள்ளி விழுங்குகிறது? இந்த ஒரே கேள்விக்காக வீட்டு மின்நுகர்வு ஒழுக்க வாரியம் என்று ஒன்றை உண்டாக்கி, அதற்கு ஒரு பெரிய கட்டடமும், கட்டடத்துக்கு ஒரு தலைவரும், தலைவருக்குக் கதவு திறந்துவிட ஒரு ஆளும் கொடுத்திருந்தார்கள். கேள்விக்குப் பதில் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

பஸ் கண்டக்டருக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவர் காலை ஷிப்டு முடிந்து, தொண்டை வறண்டு, மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தபோது யாரோ ஒருவர் அவர் வீட்டுக் கதவில் பசை தடவிக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தூரிகை, காலடியில் பசை வாளி. கதவின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இருந்தது.

"யாரு சார் நீங்க? என் கதவுல என்ன பண்றீங்க?"

"உங்க வீட்டு முகத்தை ஒட்டுறேன்" என்றார் அவர், திரும்பாமலே. "சுளிச்சிருக்கு பாருங்க. அப்படியே திரும்பி எதிர் வீட்டைப் பாருங்க."

எதிர் வீட்டுக் கதவில் ஒரு பச்சை முகம் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒரே அளவு வீடு, ஒரே வெயில், ஒரே காத்து. ஆனா அவங்க எடுக்கிற மாதிரி அஞ்சு மடங்கு நீங்க எடுக்கிறீங்க. வெக்கமா இல்லையான்னு நான் கேக்கல. முகம் கேக்குது."

"சார், உள்ள வாங்க, வந்து ஒரு நிமிஷம் பாருங்க. எங்க மாமனாருக்கு..."

முகம் ஒட்டுகிறவர் துள்ளி ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

"உள்ளயா? என்ன சார் விளையாடுறீங்க? வாசப்படி தாண்ட எங்களுக்கு அனுமதியே கிடையாது. உள்ள போனா மனசு இளகிடும். இளகின மனசோட ஒப்பிட்டா அது ஒப்பீடே இல்லை. முன்ன ஒரு அதிகாரி இப்படித்தான் தண்ணி குடிக்க உள்ள போனாரு. அங்க இருந்த குழந்தைகளைப் பாத்துட்டு, சிவப்பு முகத்தை ஒட்டாமலே திரும்பி வந்துட்டாரு. இப்போ தபால் பிரிவுல உறை ஒட்டிக்கிட்டு இருக்காரு."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். போகிற போக்கில், அடுத்த முறை அளவெடுக்கும்போதும் முகம் மாறாவிட்டால் அடக்கப் பெட்டி வைத்துவிடுவார்கள் என்றார். அடக்கப் பெட்டி என்றால்? எதிர் வீடு ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறதோ, அவ்வளவுதான் உங்களுக்கும். அதற்கு மேல் போனால் டக்கென்று நின்றுவிடும். மறுநாள்தான் வரும்.

கண்டக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார்.

அவர் வீட்டில் ஏசி கிடையாது. அரண்மனை விளக்கும் கிடையாது. இருந்ததெல்லாம் மாமனாரும் மாமனாரின் வண்டியும்தான். மாமனார் ஒரு காலத்தில் இவர் கண்டக்டராக இருந்த அதே பஸ்ஸின் டிரைவர். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆயுள் முழுக்கப் புகை குடித்தவர். நுரையீரல் கைவிட்டபின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்பும் ஒரு இயந்திரத்தை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சக்கரம் வைத்த பெட்டி. இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அது நின்றால் மாமனார் கொஞ்ச நேரம்தான் தாங்குவார். பழைய இயந்திரம், அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போய்விட்டது. மாமனார் அதை 'வண்டி' என்றுதான் சொல்வார். விழித்ததும் முதல் கேள்வி, "வண்டி ஓடுதா?"

பேச்சு அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் மாமனாரும் மருமகனும் பழைய பஸ் பாஷைக்கே திரும்பியிருந்தார்கள். இரண்டு விசில் என்றால் போகலாம், ஒரு விசில் என்றால் நிறுத்து. விசில் ஊத மூச்சு ஏது? கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவார். இரண்டு தட்டு தட்டினால் எல்லாம் சரி. ஒரு தட்டு கேட்டால் கண்டக்டர் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்.

இந்த மாமனார் பெண் கொடுத்த கதையும் அந்த பஸ்ஸில்தான் நடந்தது. படியில் தொங்கிக்கொண்டு வருகிறவனை மற்ற கண்டக்டர்கள் திட்டுவார்கள். இவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுவார். "உள்ள வாங்க, உள்ள நிறைய இடம் இருக்கு!" என்று கத்துவார், உள்ளே ஊசி குத்த இடமில்லாவிட்டாலும். டிரைவர் கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள், "நீ என் வீட்டுக்குள்ளயும் வந்துடு" என்றாராம்.

எதிர் வீட்டின் கதைக்கு வருவோம். அந்த வீட்டில் யாரும் இல்லை. அங்கே குடியிருந்த மருந்து விற்பனைப் பிரதிநிதி, கல்யாணம் ஆகாத பையன், தூரத்து ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சாவியைக் கண்டக்டரின் மனைவியிடம் கொடுத்திருந்தான். "அக்கா, ஃபிரிட்ஜை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க, உள்ள கம்பெனி சாம்பிள் மருந்து இருக்கு" என்பதுதான் அவன் வைத்த ஒரே வேண்டுகோள். ஆக, அந்த வீட்டில் வசித்தது ஒரு ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜின் சிரிப்புதான் கதவில் ஒட்டியிருந்தது.

"இவ்வளவுதானே, நேர்ல போய்ச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க" என்றார் கண்டக்டர் மனைவியிடம். அவர் வெகுளி. பஸ்ஸில் வருகிற மனிதர்கள் சொன்னால் புரிந்துகொள்கிறவர்கள்.

வாரியக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் அவருக்குப் பல் கிட்டித்தது. அப்படி ஒரு குளிர். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பட்டப்பகலில் விளக்கு அத்தனையும் எரிகிறது. விசாரணை மேசையில் இருந்த எழுத்தர் ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிக் குல்லாய் மாட்டி, காலடியில் ஒரு ஹீட்டரையும் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், ஏசியைக் கொஞ்சம் குறைச்சா ஹீட்டர் வேண்டாமே?"

"ஏசி கட்டடப் பிரிவு. ஹீட்டர் பணியாளர் நலப் பிரிவு. ஒருத்தர் விஷயத்துல இன்னொருத்தர் தலையிட மாட்டோம்" என்றார் எழுத்தர். "அதோட இது ஆபீஸ். நாங்க வீடுகளைத்தான் ஒப்பிடுவோம். என்ன வேணும் உங்களுக்கு?"

கண்டக்டர் டாக்டர் கொடுத்த சான்றிதழை நீட்டினார். எழுத்தர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இது உங்க மாமனாருக்குக் கொடுத்தது."

"ஆமாங்க. அவருக்குத்தான் மூச்சுத் திணறல்."

"எங்க கணக்குல உங்க மாமனாரே கிடையாதே. நீங்களும் கிடையாது. வீடுதான் நுகர்வோர். உங்க வீட்டுக்கு மூச்சுத் திணறல் இருக்குன்னு டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, பரிசீலிக்கிறோம்."

"வீட்டுக்கு எப்படிங்க மூச்சுத் திணறும்?"

"அப்போ உங்க வீடு ஆரோக்கியமா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்று எழுத்தர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கண்டக்டர் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தாழ்த்தினார். "மனுஷனுக்கு மனுஷனா ஒண்ணு சொல்றேன். சாயங்காலம்தான் ஊர் முழுக்க மின்சாரத்துக்கு அடிச்சுக்குது. அந்த நேரத்துல மட்டும் பெரியவரைக் கொஞ்சம் குறைச்சு மூச்சு விடச் சொல்லுங்க. மத்தியானம் சேத்து விட்டுக்கட்டும்."

கண்டக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கையில் சான்றிதழ், எதிரில் அரசாங்க மேசை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "சார், எதிர் வீட்ல ஆளே இல்லைங்க. வெறும் ஃபிரிட்ஜுதான் ஓடுது" என்றார்.

எழுத்தர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தீங்களா? பிறத்தியார் வீட்டுக்குள்ள போறது அத்துமீறல்னு தெரியுமா?"

சாவி தன் வீட்டு ஆணியில் தொங்குவது கண்டக்டருக்கு ஞாபகம் வந்தது. சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுத்தர் அவருக்கு ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். சிவப்பு முகத்தாருக்கான திருத்த வகுப்பு, அதே கட்டடத்தில், மேல்மாடியில்.

வகுப்பில் கண்டக்டரைப் போலவே தலைகுனிந்த பல பேர் இருந்தார்கள். பாடம் நடத்தியவர் வாரியத்தின் ஆராய்ச்சி அம்மையார். இரண்டு வீடுகள் ஏன் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். நல்ல படிப்பாளி, நல்ல குரல். சும்மா சொல்லக்கூடாது, பேச்சில் ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை.

"நாங்க எல்லாத்தையும் அளந்துட்டோம்" என்றார் அம்மையார். "சுவரோட கனம், ஜன்னலோட அகலம், கதவோட நிறம், மாடிப்படி வளைவு இடது பக்கமா வலது பக்கமா, எல்லாம். அப்படியும் வித்தியாசம் வருது. அப்போ மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். மனப்பான்மை."

பலகையில் மனப்பான்மை என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

இடுப்பில் ஒரு குழந்தையும் தோளில் ஒன்றுமாக வந்திருந்த ஒரு அம்மா எழுந்தாள். "மேடம், எனக்கு இரட்டைப் பிள்ளைங்க. துணி துவைக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடும். எதிர் வீட்ல புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேரு."

"மனப்பான்மை" என்றார் அம்மையார் பரிவோடு.

பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ், கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் ராத்திரி டியூட்டிங்க. பகல்லதான் தூங்கணும். மேல்மாடி, தகரக் கூரை. ஏசி இல்லாம கண்ண மூட முடியாது" என்றாள்.

"அதுவும் மனப்பான்மைதான்."

கண்டக்டர் எழுந்தார். "எல்லாத்தையும் அளந்தீங்களே மேடம், வீட்டுக்குள்ள எத்தனை பேரு, என்ன வேலை, யாருக்கு என்ன சீக்குன்னு பாக்கலையா?"

அம்மையார் குழந்தையிடம் சிரிப்பது போலச் சிரித்தார். "அது எப்படிப் பாக்க முடியும்? ஆட்கள் வருவாங்க, போவாங்க, பொறப்பாங்க, சாவாங்க. ஆளுக்கு ஆள் வித்தியாசமா வேற இருக்காங்க. அவங்களையெல்லாம் கணக்குல எடுத்தா ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும். சுவர் நகராது. நாங்க சுவரை நம்புறோம்."

பிறகு அவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். ஏற்ற இறக்கம் இல்லாத, மெல்ல மெல்ல மூச்சு விடுவது போன்ற ஒரு கோடு. "இதைப் பாருங்க. பகல்லயும் ஒரே சீர், ராத்திரியும் ஒரே சீர். பதற்றம் இல்ல, ஆசை இல்ல, லீவு நாள்னு ஒரு ஆட்டம் இல்ல. இப்படி ஒரு குடும்பம் இந்த ஊர்ல இருக்குன்னா நம்பவே முடியல. இதைப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிடும்." முகவரியையும் சொன்னார். கண்டக்டரின் எதிர் வீடு.

"மேடம், அது ஃபிரிட்ஜுங்க" என்றார் கண்டக்டர்.

"ஒரு குடும்பத் தலைவரை அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அம்மையார் கண்டித்தார். "பொறாமையும் ஒரு மனப்பான்மைதான்."

வகுப்பின் கடைசியில் தன்னடக்கப் பயிற்சி. எல்லோரும் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... முடியும், உங்களால முடியும்... மின்சாரத்தையும் இப்படித்தான் பிடிச்சு வைக்கணும்" என்று அம்மையார் சொல்லிக்கொண்டே நடந்தார். கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமனாரை நினைத்தார். பாதியிலேயே விட்டுவிட்டார். அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார்கள்.

அடுத்த அளவெடுப்பு வந்தது, சிவப்பு முகம் மாறவில்லை. மாற என்ன வழி? மனைவி மிக்ஸியை மூட்டை கட்டி வைத்திருந்தாள். இருட்டிலேயே சமைத்தாள். கண்டக்டர் மின்விசிறி இல்லாமல் தரையில் புரண்டார். வண்டி மட்டும் ஓடியது. அந்த ஒரு வண்டியே எதிர் வீட்டு ஃபிரிட்ஜைப்போலப் பல மடங்கு எடுத்தது.

முகம் ஒட்டுகிறவர் மாடியேறி வந்து மூச்சிரைக்க நல்ல செய்தி சொன்னார். எதிர் வீட்டுக்கு முன்மாதிரிக் குடும்பம் விருதாம். தலைவரே நேரில் வந்து கொடுக்கிறாராம். அப்படியே உங்களுக்கு அடக்கப் பெட்டியும் அவர் கையாலேயே திறந்துவைக்கிறாராம். "ஒரே மாடி, எதிரெதிர் வாசல். ரெண்டு வேலையும் ஒரே பயணத்துல முடிஞ்சிடும், பெட்ரோல் மிச்சம். உங்களுக்கும் பெருமைதானே?"

கண்டக்டரின் மனைவி உள்ளிருந்து வந்தாள். "எங்கப்பா செத்துடுவாருங்க" என்றாள். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை. அப்படியே சொன்னாள்.

முகம் ஒட்டுகிறவர் வாசற்படியைப் பார்த்தார். அந்தப் பக்கம், அறையின் மூலையில், கட்டிலின் கால் மட்டும் தெரிந்தது. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். "எங்கிட்ட சொல்லாதீங்கம்மா. எனக்கு இளகிடும்" என்று இறங்கிப் போய்விட்டார்.

விழா நாளன்று மாடிப்படி முழுக்கச் சரவிளக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆளுயர மின்விசிறி. ஒலிபெருக்கி கீழ்த் தெரு வரைக்கும் அலறியது. மின்சாரமெல்லாம் மாடிப்படி விளக்கு இணைப்பிலிருந்து. மாடிப்படி வீடு அல்ல, ஆகவே ஒப்பீட்டில் வராது. இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டுத் தலைவரை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் கேடயம், அதன் பக்கத்தில் முதல் பரிசான பெரிய ஏசி ஒன்று, அட்டைப் பெட்டியோடு. சிக்கனமாக இருந்ததற்குப் பரிசு. அதைத் தாண்டி யாரும் படியில் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

முகம் ஒட்டுகிறவர் எதிர் வீட்டு மணியை அழுத்தினார். உள்ளே மணி அடித்தது. மறுபடி அடித்தது. கதவு திறக்கவில்லை.

"பரிசு வாங்கக்கூட வெளியே வரவில்லை!" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். குரல் தழுதழுத்தது. "அன்பர்களே, இந்தக் கதவைப் பாருங்கள். இந்த வீட்டில் என்றைக்காவது ஒரு சண்டைச் சத்தம் கேட்டதுண்டா? ஒரு குழந்தை அழுததுண்டா? ஒரு விருந்தாளி வந்ததுண்டா? யாராவது இருமியதுண்டா? ஒரு நாளும் இல்லை. இதுவல்லவா குடும்பம்! ஊரிலுள்ள எல்லா வீடுகளும் இந்த வீட்டைப் போல் ஆகிவிடும் நாளில் வாரியத்தின் கனவு நிறைவேறிவிடும். அந்த நாள் தூரத்தில் இல்லை."

படிக்கட்டு நெடுகக் கைதட்டல். ஆராய்ச்சி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்ததாக அடக்கப் பெட்டி" என்றது ஒலிபெருக்கி. கண்டக்டரின் வாசலுக்கு மேலே, மீட்டரை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியை ஏற்கெனவே பொருத்தியிருந்தார்கள். கண்டக்டர் வாசலை மறித்து நின்றார். "சார், வேண்டாம் சார். உள்ள வந்து ஒரே ஒரு தடவை பாருங்க. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தலைவர் அந்தக் கும்பிடை வரவேற்பாக ஏற்றுக்கொண்டு, அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

பெட்டி விழித்துக்கொண்டது. இன்றைய பங்கு எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று பார்த்தது. காலையிலேயே எல்லை தாண்டியாகிவிட்டது. டக்.

எல்லோரும் கைதட்டினார்கள். கண்டக்டருக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. உள்ளே இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றுபோனதுதான் கேட்டது. பிறகு கட்டில் கம்பியில் கரண்டி பட்டது. ஒரே ஒரு தட்டு.

அவர் உள்ளே பாய்ந்தார். மாமனாரின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்குவதுபோல அவரை இரண்டு கையிலும் வாரிக்கொண்டார். மனைவி ஆணியில் இருந்த சாவியைப் பிடுங்கி, வண்டியின் வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். "வழி விடுங்க! நகருங்க! நகருங்கய்யா!" என்று கண்டக்டர் போட்ட சத்தத்தில், எத்தனையோ வருஷம் பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்த அந்தச் சத்தத்தில், அதிகாரிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மனைவி எதிர் வீட்டுக் கதவைத் திறந்தாள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த இணைப்பில் வயரைச் செருகினாள்.

வண்டி உறுமியது. கண்டக்டர் மாமனாரை நாற்காலியில் சாய்த்து, குழாயை மூக்கில் பொருத்தி, அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். மாமனாரின் மார்பு ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. நாற்காலியின் கையில் விரல் மெல்லத் தட்டியது. இரண்டு தட்டு. கண்டக்டர் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

வெளியே தலைவரின் குரல் கணீரென்று எழுந்தது.

"வந்துவிட்டார்! குடும்பத் தலைவர் வந்துவிட்டார்!"

முன்மாதிரி வீட்டுக் கதவு திறந்துவிட்டது, உள்ளே ஒரு பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், காலடியில் ஒருவர் பணிந்து கிடக்கிறார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தலைவர் கேடயத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிவரை வந்து நின்றார். தாண்டக்கூடாதே! கை மட்டும் உள்ளே போகலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. அம்மையாரும் மற்றவர்களும் கூடிக் குசுகுசுத்து, மணிக்கட்டு வரை போகலாம் என்று முடிவு சொன்னார்கள். தலைவர் மணிக்கட்டுவரை நீட்டி, கேடயத்தை உள்ளே தரையில் வைத்தார். ஒரு கம்பில் கட்டி ஒலிவாங்கியையும் நீட்டினார்கள்.

"ஐயா, இந்த ஒழுக்கத்தின் ரகசியம் என்ன?"

மாமனார் அந்தக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வண்டி..." என்றார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "ஓடணும்."

"இரண்டே வார்த்தை! பேச்சில்கூட என்ன சிக்கனம்!" என்றார் தலைவர். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கண்டக்டரின் மனைவி வாசலுக்கு வந்தாள். "கொலைகாரப் பாவிங்களா! எங்கப்பாவ சாகடிச்சுட்டுக் கைதட்டவா பாத்தீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தலைவர் திகைத்துப்போய் முகம் ஒட்டுகிறவரைப் பார்த்தார்.

"சிவப்பு முகத்து வீட்டம்மாங்க" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"ஓ, பொறாமை" என்று தலைவர் புரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து மாமனார் எதிர் வீட்டில்தான் இருந்தார். வேறு வழி? இவர்கள் வீட்டில் அடக்கப் பெட்டி உட்கார்ந்திருந்ததே. விற்பனைப் பிரதிநிதிப் பையன் போனில், "மின்சாரத்துக்கு நீங்க கட்டிடுங்கண்ணா. நான் வர்ற வரைக்கும் பெரியவர் அங்கயே இருக்கட்டும், ஃபிரிட்ஜுக்கும் பேச்சுத் துணை" என்றான். அவன் எப்போது வருவான், வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மனைவி ராத்திரி அப்பாவோடு அங்கே படுத்தாள். கண்டக்டர் இங்கே தனியாகப் படுத்து, இரண்டு கதவையும் திறந்துபோட்டு, தட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். ஏசி அட்டைப் பெட்டி இரண்டு வாசலுக்கும் நடுவில் அப்படியே இருந்தது. அதைச் சுற்றித்தான் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோக வேண்டும்.

மறு அளவெடுப்புக்கு முகம் ஒட்டுகிறவரும் ஆராய்ச்சி அம்மையாரும் சேர்ந்தே வந்தார்கள். எதிர் வீட்டு மீட்டர் எகிறிப்போயிருந்தது. கண்டக்டர் மனதுக்குள் ஒரு சிறு சந்தோஷத்தோடு கதவில் சாய்ந்து நின்றார். இப்போதாவது உறைக்குமல்லவா?

அம்மையார் மீட்டரைப் பார்த்தார், குறித்தார், யோசித்தார். "முன்மாதிரிக் குடும்பம் இவ்வளவு எடுக்குதுன்னா, இதுதான் சரியான அளவுன்னு ஆகுது" என்றார். எதிர் வீட்டுப் பச்சை முகத்தின் மேல் இன்னும் பெரிய பச்சை முகம் ஏறியது. பிறகு அவர் கண்டக்டரின் மீட்டரை அண்ணாந்து பார்த்தார். முகம் இருண்டது. "நீங்க ஏன் இவ்வளவு கம்மியா எடுக்கிறீங்க? எதை மறைக்கிறீங்க?"

"மேடம், நீங்கதானே குறைக்கச் சொன்னீங்க!"

"முன்மாதிரியைப் பாத்து நடங்கன்னு சொன்னோம். அவங்க முன்னேறிப் போயிட்டாங்க, நீங்க அங்கயே நிக்கிறீங்க." அம்மையார் இரண்டு வாசல்களுக்கும் நடுவில், ஏசிப் பெட்டியின் மேல் கையூன்றி நின்று, பெருமூச்சு விட்டார். "ஒரே சுவர், ஒரே ஜன்னல், ஒரே வெயில். ஏன் இந்த வித்தியாசம்? ஏன்? இன்னும் சில வருஷம் ஆராய்ச்சி பண்ணினாத்தான் தெரியும்."

எதிர் வீட்டின் உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு.

"மாப்ள... அந்தம்மாகிட்ட சொல்லு... ஒரு வீட்ல... நான் இருக்கேன்... இன்னொரு வீட்ல... நான் இல்ல... அவ்வளவுதான்."

அம்மையார் காதைத் திருப்பினார். ஆனால் குரல் வாசற்படிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. விதிப்படி அதைக் கேட்க முடியாது. முகம் ஒட்டுகிறவருக்குச் சைகை காட்டினார். அவர் வாளியை இறக்கி, கண்டக்டர் கதவில் புது முகத்துக்குப் பசை தடவத் தொடங்கினார்.

கண்டக்டர் அவரைத் தள்ளவில்லை. திட்டவும் இல்லை. கதவை நன்றாக அகலத் திறந்து, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, படியில் தொங்குகிறவனைப் பார்த்துக் கத்துவதுபோல, கட்டடமே அதிரக் கத்தினார்.

"உள்ள வாங்க சார்! உள்ள வாங்க மேடம்! உள்ள நிறைய இடம் இருக்கு!"

எதிர் வீட்டிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. வாசலில் நின்ற இருவரும் ஒரு படி பின்னால் போனார்கள். கதவு திறந்திருந்ததால் முகத்தை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், முகம் ஒட்டுகிறவர் பசை சொட்டச் சொட்ட அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.